வலது இருக்கையில் ஒரு கை

அத்தியாயம் 11

அம்மாவும் மகளும் அன்று காலை ஒரே காரில்தான் விமானப் பயிற்சிப் பள்ளிக்கு வந்தார்கள். அம்மா சாலையை முறைத்துக்கொண்டே ஓட்டினாள். மகள் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருவருக்கும் நடுவில், மழையே இல்லாத கண்ணாடியில் வைப்பர் மட்டும் ஒரு தடவை ஓடி நின்றது. அம்மாவின் கை தவறிப் பட்டுவிட்டது.

சும்மா இருக்கத் தெரியாத கை அது. பின்னால் உதவும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கோபத்துக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அம்மா, போன வாரம் வகுப்பறையில் நின்று, "இங்க பயிற்சி சரியில்லன்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று சவால் விட்டாள். ஒரு கையும் உயராது என்று நினைத்துத்தான் விட்டாள். முதலில் உயர்ந்தது பெற்ற மகளின் கை. அதைப் பார்த்த தைரியத்தில் மற்ற கைகளும் மளமளவென்று உயர்ந்துவிட்டன.

அம்மாதான் அங்கே தலைமைப் பயிற்சியாளர். மாணவர்களுக்குப் 'பெரிய மேடம்'. பள்ளியை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா, அவள் உட்பட எல்லோருக்கும் கேப்டன். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி, மேனேஜர். மகள் அங்கே மற்றவர்களைப் போல ஒரு மாணவி, அவ்வளவுதான். பள்ளியின் கேட்டைத் தாண்டிவிட்டால் அம்மா கிடையாது, மேடம்தான். மகள் சேர்ந்த முதல் நாளே அம்மா போட்ட சட்டம் இது. வீட்டுக்குத் திரும்பும்போது அதே கேட்டில் சட்டம் தானாக ரத்தாகிவிடும்.

புகார் வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி விமானத்தில் மாணவர் இடது பக்கம் உட்காருவார், பயிற்சியாளர் வலது பக்கம். இருவருக்கும் முன்னால் ஆளுக்கொரு ஸ்டிக். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும், நெஞ்சை நோக்கி இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே எழும். பெரிய மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து தரையிறக்கியபோதெல்லாம் இந்த மாணவர்களின் விமானம் பூப்போல இறங்கியது. மேடம் காய்ச்சலில் படுத்த வாரம், வேறு பள்ளியிலிருந்து ஒரு மாற்று வாத்தியார் வந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதே மாணவர்கள், அதே விமானம், அதே ஓடுபாதை. ஒவ்வொருவரும் 'தொம்' என்று போட்டார்கள். "உங்களுக்கு விமானத்தை இறக்கவே தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

அன்றுதான் மாணவர்களுக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் இறக்கியது தாங்கள் இல்லை.

மேடமோ அதை ஒப்புக்கொள்வதாக இல்லை. கடைசி நேரத்தில் ஸ்டிக்கைத் தொடுவதே இல்லை என்று அடித்துச் சொன்னாள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். மாற்று வாத்தியார் ஒரே வாரத்தில் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார் என்பது அவள் கட்சி.

இன்று மதியத்துக்குள் பள்ளி ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மொத்த வகுப்பும் வேறு பள்ளிக்குப் போய்விடும். மகளையும் சேர்த்துத்தான்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கார் நிற்காமலே அம்மா கேட்டாள்.

"மத்தியானம் நீயும் அவங்களோடதான் உக்காரப் போறியா?"

"ஆமாம்மா."

"என் லேண்டிங்ல குறை கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டே."

மகள் இப்போதுதான் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "உங்க லேண்டிங்ல யாரும் குறையே சொல்லலம்மா. அதுதான் புகாரே."

கேட் வந்துவிட்டது. அதற்கு மேல் அம்மா என்று கூப்பிட முடியாது, சண்டையும் போட முடியாது.

அலுவலகத்தில் தம்பி தயாராக இருந்தான். ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய மறுப்பு அறிக்கையை அக்காவிடம் பெருமையாக நீட்டினான். அதில் 'ஆதாரமற்ற' என்ற சொல் மட்டும் பத்தி தவறாமல் வந்தது. கேப்டனுக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கியாகிவிட்டதாம். தன் அறையை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்று கேப்டன் முறுக்கிக்கொண்டு இருந்தார். பள்ளிக்கு எதிராகப் பேத்தி கை தூக்கிவிட்டாள் என்பது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை.

"அக்கா, நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றான் தம்பி. "நான் வாசிக்கிறேன். நீ கம்பீரமா உக்காந்திரு, போதும்."

கம்பீரமாக உட்காருவதில் அவளுக்குச் சிரமம் இல்லை. ஆனால் மகள் காரில் சொன்னது காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் விமானங்களை நிறுத்தி வைக்கும் ஹேங்கரில் நடந்தது. எஞ்சின் மூடி கழற்றிய ஒரு விமானம் ஓரமாக நின்றது. எண்ணெய் வாசனைக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாணவர்கள் ஒரு பக்கம், மேனேஜரும் பெரிய மேடமும் எதிர்ப் பக்கம். பெண் பார்க்க வந்த இடத்தில் பேச்சு முறிந்துபோனால் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ, அப்படி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்துவிட்டுப் போனார்கள். மேடம் அதை வலது கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். மூன்றாவது 'ஆதாரமற்ற' வந்தபோதே பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு மாணவன் எழுந்தே விட்டான். தங்களை யாரும் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லவில்லை என்றும், தனியாக விமானத்தில் ஏறினால் உயிரோடு இறங்குவோமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம் என்றும் மரியாதையாகவே சொன்னான். அவன் சொன்ன விதத்தில் மேனேஜருக்கு அடுத்த பத்தி மறந்துபோய்விட்டது.

"நான் தொடுறதில்லன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் மேடம்.

அப்போது மகள் எழுந்தாள். "மேடம், நான் ஒரு லேண்டிங்கை வாயால சொல்லிக் காட்டவா? எந்த இடத்துல எங்களுக்கு அந்தக் கை வர்ற மாதிரி தோணுதுன்னு சொல்றேன். நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா போதும்."

சொல்லு என்று மேடம் தலையசைத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கையில் இல்லாத ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடுபாதை நேரா தெரியுது. வேகம் சரியா இருக்கு. வேலியைத் தாண்டிட்டேன். தரை மேல வருது."

தானே காற்றில் இருப்பது போல மேடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மகள் சொன்ன விதம் அப்படியே அவள் சொல்லிக் கொடுக்கும் முறைதான்.

"எஞ்சின் வேகத்தைக் குறைச்சிட்டேன். இப்ப மூக்கைத் தூக்கணும். தரை கிட்ட வந்துடுச்சு. இன்னும் கிட்ட. நான் இன்னும் ஸ்டிக்கை இழுக்கல. இன்னும் இழுக்கல..."

மேடத்தின் வலது கை நெஞ்சை நோக்கி மெதுவாக, அழகாக, ஒரே சீராக இழுத்துக்கொண்டது.

டீ மொத்தமும் வெள்ளைச் சட்டையில்.

கண்ணைத் திறந்தவள் முதலில் சட்டையைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரை. அப்புறம் அந்த டம்ளரைப் பிடித்திருந்த கையை, பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மாணவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும், தான் ஏதோ பாவம் செய்துவிட்டது போல நின்றாள். சத்தியமாக அவளுக்கு டீயின் நினைவே இல்லை.

மேடத்துக்கு முகம் சுட்டது. அவமானம்தான், வேறு என்ன. இத்தனை பேர் முன்னால், அதுவும் மகள் முன்னால், தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி, போன மாதம் இந்த நெட்டையைப் பார்த்து, 'உன் லேண்டிங் பட்டு மாதிரி இருக்கு' என்று தான் சொன்னது ஞாபகம் வந்தது. அவன் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டான். யாருடைய லேண்டிங்கை யாருக்குப் பாராட்டியிருக்கிறாள்.

அவளே முதலில் சிரித்தாள். தம்பியின் கையிலிருந்த அறிக்கையை வாங்கினாள். அவன் வாசிப்பதற்குத்தான் வாங்குகிறாள் என்று நினைத்தான். அவள் அதை நன்றாகக் கசக்கிச் சட்டையைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் ஹேங்கர் சிரித்தது. தம்பியும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் நின்றபடியே பேசினாள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவர் தரையிறக்கும்போது ஓடுபாதையில் மோதி, முன் சக்கரம் ஒடிந்து, விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றதையும், வலது இருக்கையில் தான் இருந்ததையும் சொன்னாள். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள் தன் பள்ளிக்கூட வாசலில் அன்று காத்துக்கொண்டே இருந்தாளாம். அம்மா கழுத்தில் பட்டையோடு மாலையில்தான் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு தரையிறக்கும் பாடத்தையே இன்னொரு பயிற்சியாளரிடம் தள்ளிவிட்டாள். போன வருஷம் அவர் வேலையை விட்டுப் போனதும் அது மறுபடி இவள் தலையில் வந்து விழுந்தது. பயமும் கூடவே வந்திருக்கிறது. அது கைக்குள் போய் ஒளிந்துகொண்டதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க புகார் சரி" என்றாள். "என் பயிற்சிதான் தப்பு. தரையிறக்கும் பாடம் இங்க எல்லாருக்கும் முதல்ல இருந்து மறுபடி நடக்கும். இனிமே நான் ஸ்டிக்கைத் தொட்டா, 'என் கையில'ன்னு சத்தமா சொல்லிட்டுத்தான் தொடுவேன். அப்படிச் சொல்லலன்னா, இறக்கினது நீங்கதான்."

பிறகு மகளைப் பார்த்தாள். "முதல் ஆள் நீ. வா. நெட்டை, நீ பின்னாடி உக்காரு. என் கையை மட்டும் பார்த்துக்கிட்டே வா. வெளியில வேடிக்கை பார்த்தே, அவ்வளவுதான்."

விமானம் மேலே போனதும் மேடம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கால்களையும் பெடலிலிருந்து பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் இடம் கொடுக்காத பஸ்ஸில் ஒண்டிக்கொண்டு போகிறவள் மாதிரி இருந்தது. காற்று பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளியது. மகள் ஒரு வட்டம் அடித்து, ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்ந்தாள்.

"உன் கையில" என்றாள் மேடம்.

"என் கையில" என்றாள் மகள். காலங்காலமாக விமானத்தில் சொல்லிக்கொள்கிற அதே வார்த்தைதான். இன்றுதான் அதற்கு அர்த்தம் வந்தது.

முதல் தடவை மகள் மூக்கைத் தாமதமாகத் தூக்கினாள். சக்கரம் தரையில் பட்டு விமானம் எம்பியது. மேடம் கைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். தொடைக்கு அடியில் விரல்கள் துடித்தன. 'என் கையில' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. இன்னும் அரை நொடி பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த அரை நொடியில் மகளே, "திரும்ப மேல போறேன்" என்று சொல்லி எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோனாள். விமானம் ஓடுபாதையை விட்டு மேலே ஏறியது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் எடுத்தாள் அந்த முடிவை. மேடத்துக்கு ஏனோ, மகள் முதல் தடவை கையை உதறிவிட்டுத் தானாகச் சாலையைக் கடந்தது நினைவுக்கு வந்தது. அன்றும் இதே விரல்கள்தான், இதே துடிப்புதான்.

இரண்டாவது தடவை கொஞ்சம் கோணலாக இறங்கினாள், ஆனாலும் இறங்கினாள். மூன்றாவது, சும்மா சொல்லக் கூடாது, நல்ல லேண்டிங். பட்டு இல்லை. நல்ல பருத்தி. சொந்த நூலில் நெய்தது.

"கை?" என்று கேட்டாள் மேடம், பின்னால் திரும்பாமல்.

"அசையவே இல்ல மேடம்" என்றான் நெட்டை. "ஆனா உங்க முகத்தைப் பார்க்கத்தான் பயமா இருந்துச்சு."

ஓடுபாதைக்குப் பக்கத்தில் விமானத்தை நிறுத்தச் சொன்னாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நெட்டையை இறக்கிவிட்டு, தானும் பெல்ட்டைக் கழற்றினாள். தன்னைத் தனியாக அனுப்பப் போகிறாள் என்று புரிந்ததும் மகளின் கண் பெரிதாகிவிட்டது. மேடம் இறங்கி, காலியான இருக்கையின் பெல்ட்டை ஸ்டிக்கில் சிக்காதபடி இழுத்துக் கட்டினாள்.

"நான் இல்லாம வெயிட் குறைவா இருக்கும். விமானம் சீக்கிரம் மேல எம்பும், பயந்துடாதே. ஒரே ஒரு வட்டம். பிடிக்கலன்னா திரும்ப மேல போ. எத்தனை தடவை வேணும்னாலும் போ."

"நிஜமாவா மேடம்?"

"காலையில கார்ல அவ்வளவு வாய் பேசினேல்ல? போ."

கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்த்தால் போய் மறுபடி உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

ஹேங்கர் வாசலுக்கு மொத்த வகுப்பும் வந்துவிட்டது. மேனேஜர் யாரோ கொடுத்த வாக்கி டாக்கியை அக்காவிடம் நீட்டினான். மருமகள் தனியாகப் போகிறாள் என்று கேள்விப்பட்டவுடன் அறிக்கை, ஆதாரம் எல்லாம் அவனுக்கு மறந்துபோய்விட்டது. சேதி உள்ளேயும் எட்டியிருக்க வேண்டும். வெளியே வரவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த கேப்டன், கைத்தடியை ஊன்றிக்கொண்டு விடுவிடுவென்று வந்து சேர்ந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

விமானம் ஓடியது, எம்பியது, சின்னதாகிப் போனது. வட்டத்தின் அந்தப் பக்கம் போய், மெல்லத் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்தது.

மேடம் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். சொல்ல ஆயிரம் இருந்தது. காற்றைக் கவனி, வேகத்தைக் கவனி, மூக்கைக் கவனி. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு இரண்டே வார்த்தை சொன்னாள்.

"உன் கையில."

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. "என் கையில, அம்மா."

சட்டத்தை மீறியதற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை.

விமானம் வேலியைத் தாண்டியது. தரைக்கு மேல் மிதந்தது. மேடம் தன் வலது கையை இடது கையால் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. கை அமைதியாக இருந்தது. விமானத்தின் மூக்கு உயர்ந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன, கடைசியில் முன் சக்கரமும் வந்து மெதுவாக உட்கார்ந்தது.

ஹேங்கர் வாசலே குதித்தது. நெட்டை பக்கத்தில் இருந்தவனைத் தூக்கிச் சுற்றினான். அடுத்து நான், அடுத்து நான் என்று மேடத்தைச் சுற்றி வரிசை சேர்ந்துவிட்டது. வேறு பள்ளி என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

மேடத்துக்கும் கண் நிறைந்துவிட்டது. அவள் தூசி என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ விமானங்களை இறக்கியிருக்கிறாள். தான் இறக்காத இந்த ஒன்றுதான் தன் மிகச் சிறந்த லேண்டிங் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

கேப்டனின் கண் இன்னும் ஓடுபாதையில்தான் இருந்தது. ஆனால் தரையில் ஊன்றியிருக்க வேண்டிய கைத்தடி தரையில் இல்லை. அதன் பிடி அவருடைய நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது இழுத்தார் என்று அவருக்கே தெரியாது.

மேடம் அந்தக் கைத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் இதே மனிதர்தான். இதே ஓடுபாதைதான். அவளுடைய லேண்டிங்கும் அப்போதெல்லாம் பட்டு மாதிரிதான் இருந்ததாம். சொன்னவர் இவர்தான்.

"நல்லா இறக்கிட்டா என் பேத்தி" என்றார் கேப்டன், கைத்தடியை மெதுவாகக் கீழே ஊன்றிக்கொண்டு. "தொண்டை காஞ்சு போச்சு. டீ இருக்கா?"

"இருக்குப்பா" என்றாள் அவள். கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தர்றேன். அந்த நாற்காலியில உக்காருங்க. டம்ளரை வலது கையில பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கோங்க. நான் ஒரு லேண்டிங் சொல்றேன், கேளுங்க."